மருந்தெதிர்ப்புக் காசநோயின் வரலாறு

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்குக் கிருமிகள் கட்டுப்படாமல் போவது இன்று உலகெங்கும் பேசப்படும் சிக்கல். 2019ஆம் ஆண்டில் மட்டும் பாக்டீரியாக்களின் மருந்தெதிர்ப்பால் நேரடியாக இறந்தவர்கள் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் என்று ஒரு பன்னாட்டு ஆய்வு மதிப்பிட்டது. இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது இது அண்மையில் முளைத்த ஆபத்து என்று தோன்றும். காசநோயின் வரலாற்றைப் பார்த்தால் அப்படியல்ல என்பது விளங்கும். காசநோய்க்கு முதல் மருந்து வந்தபோதே மருந்தெதிர்ப்பும் கூடவே வந்தது. அதை வெல்லும் வழியும் பத்தாண்டுகளுக்குள் தெரிந்துவிட்டது. அவ்வழியை ஏழை நாட்டு நோயாளிகளுக்கும் எட்டச் செய்ததில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. தெரிந்த வழியை இடையில் கைவிட்டதே பிற்காலத் துன்பங்களுக்கு முதன்மையான காரணம்.

மருந்துக்கு முன்

காசநோய்க்குத் தமிழில் சயரோகம், எலும்புருக்கி நோய் என்ற பெயர்களும் உண்டு. பேச்சு வழக்கில் டி.பி. நோயாளியைப் பார்த்துப் பார்த்து வைத்த பெயர்கள் இவை. நோயை உண்டாக்கும் கிருமியை ஜெர்மனியின் ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். கிருமி தெரிந்த பிறகும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதைக் கொல்லும் மருந்து கிடைக்கவில்லை. நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு ஆகியவையே சிகிச்சை. இவற்றைத் தருவதற்காக எழுந்தவை சானடோரியங்கள்.

இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் அத்தகைய சானடோரியம் ஒன்றை நடத்தியவர் தமிழரான மருத்துவர் சவுரி முத்து. கணித மேதை ராமானுஜன் அங்கு நோயாளியாக இருந்திருக்கிறார். (அவருக்கு இருந்தது காசநோய்தானா என்ற ஐயத்தைப் பிற்கால மருத்துவர்கள் எழுப்பியுள்ளனர்.) சவுரி முத்து 1928இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். அதன் பெயரே இன்றும் அப்பகுதிக்கும் அங்குள்ள ரயில் நிலையத்துக்கும் வழங்குகிறது.

வசதி உள்ளவர்களுக்கும் இடம் கிடைத்த சிலருக்கும் மட்டுமே சானடோரியம் பயன்பட்டது. மற்றவர்கள் வீட்டிலேயே இருமி இருமி மெலிந்து இறந்தனர். புதுமைப்பித்தன் 1948இல் இந்நோயால்தான் இறந்தார். காசநோய் மருந்து ஒன்றின் புகழ்பெற்ற முதல் ஆய்வு முடிவு அதே ஆண்டில்தான் லண்டனில் வெளியானது.

ஸ்ட்ரெப்டோமைசின்

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் மாணவராக இருந்த ஆல்பர்ட் ஷாட்ஸ், மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து 1943இல் ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். பெனிசிலினுக்குக் கட்டுப்படாத காசநோய்க் கிருமி இதற்குக் கட்டுப்பட்டது. நோபல் பரிசு 1952இல் வாக்ஸ்மனுக்கு மட்டும் போயிற்று. கண்டுபிடிப்பில் தமக்கும் உரிமை உண்டு என்று ஷாட்ஸ் நீதிமன்றம் வரை போனது தனிக் கதை.

போர் முடிந்த பிரிட்டனிடம் டாலர் இல்லை. ஆகவே மருந்தும் அதிகம் இல்லை. இருந்த சிறிதளவை யாருக்குக் கொடுப்பது? பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு முடிவெடுத்தது. எல்லோருக்கும் கொடுக்க வழியில்லாத நிலையில், ஒரு பகுதியினருக்குக் கொடுத்து மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் தவறில்லை என்பதே அது. புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் வகுத்த திட்டப்படி 107 நோயாளிகள் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். 55 பேருக்கு மருந்தும் ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும் பெறாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தனர். இன்றைய மருந்து ஆய்வுகளுக்கெல்லாம் முன்மாதிரியாக இந்த ஆய்வு பாடநூல்களில் இடம்பெறுகிறது.

அதே அறிக்கையில் இருந்த இன்னொரு செய்தியைப் பாடநூல்கள் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. மருந்து பெற்றவர்களில் 41 பேரின் கிருமிகள் சோதிக்கப்பட்டன. 35 பேரிடம் கிருமி மருந்துக்கு மசியாததாக மாறிவிட்டிருந்தது. முதல் சில வாரங்களில் காய்ச்சல் தணிந்து, எடை கூடி, எழுந்து உட்கார்ந்தவர்கள் பிறகு மீண்டும் நலிந்தனர். ஐந்து ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது மருந்து பெற்றவர்களில் 32 பேரும் பெறாதவர்களில் 35 பேரும் இறந்திருந்தனர். முதலில் பெருவெற்றியாகத் தெரிந்தது ஐந்தாண்டில் பெரும்பாலும் கரைந்துபோயிற்று. இந்த ஐந்தாண்டுக் கணக்கை 1954இல் வெளியிட்டவர்களில் முதற்பெயர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவருடையது. இரண்டே ஆண்டில் அவர் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

பத்துக் கோடியும் லட்சம் கோடியும்

காசநோய்க் கிருமி மற்ற சில பாக்டீரியாக்களைப் போல மருந்தெதிர்ப்பு மரபணுக்களைப் பிற கிருமிகளிடமிருந்து பெற்றுக்கொள்வதில்லை. பெருகும்போது தற்செயலாக நேரும் மரபணு மாற்றமே அதற்கு வழி. இதை எளிய கணக்காகப் பார்க்கலாம். நுரையீரலில் கிருமி அரித்த ஒரு குழியில் சுமார் பத்துக் கோடி கிருமிகள் இருக்கக்கூடும். ஒரு மருந்துக்கு மசியாத கிருமி இயல்பாகவே பத்து லட்சத்தில் ஒன்று இருக்கும் என்று கொள்வோம். அப்படியானால் அக்குழியில் நூறு கிருமிகள் அம்மருந்துக்கு அஞ்சாதவை. அந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை அழியும், நோயாளி தேறுவார். போட்டியின்றி அந்த நூறும் பெருகி இடத்தைப் பிடித்ததும் நோய் திரும்பும். இம்முறை மருந்து கேட்காது.

இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால்? இரண்டுக்கும் ஒருசேர மசியாத கிருமி லட்சம் கோடியில் ஒன்றுதான் இருக்கும். அவ்வளவு கிருமிகள் ஒருவர் உடலில் இருப்பது அரிது. மருந்து கிருமியை மாற்றுவதில்லை, ஏற்கெனவே மாறியிருப்பதைத் தேர்ந்தெடுக்கிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் வரலாறு முழுவதும் புரியும்.

சுவீடனின் யோர்கன் லேமன் 1940களில் உருவாக்கிய பாஸ் என்ற மருந்தை ஸ்ட்ரெப்டோமைசினோடு சேர்த்துக் கொடுத்தபோது மருந்தெதிர்ப்பு வெகுவாகக் குறைவதைப் பிரிட்டிஷ் ஆய்வுகள் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டின. 1952இல் ஐசோநியாசிட் வந்தது. 1912இலேயே பிராக் நகரில் தயாரிக்கப்பட்டு, பயன் தெரியாமல் நாற்பது ஆண்டுகள் கிடந்த வேதிப்பொருள் இது! (பாஸும் ஐசோநியாசிடும் ஆய்வகத்தில் தயாரிக்கப்பட்டவை. நுண்ணுயிரிலிருந்து கிடைத்தவற்றையே ஆன்டிபயாடிக் என்று அழைப்பது பழைய வழக்கம். இக்கட்டுரைக்கு அந்த வேறுபாடு தேவையில்லை.) எடின்பரோவில் ஜான் கிராஃப்டன் மூன்று மருந்துகளையும் சேர்த்து நீண்ட காலம் கொடுத்து, ஏறக்குறைய எல்லோரையும் குணமாக்கிக் காட்டினார். பலர் முதலில் நம்பவில்லை.

சென்னை ஆய்வு

எடின்பரோவில் படுக்கைகள் இருந்தன, செவிலியர் இருந்தனர், நோயாளிக்கு நல்ல உணவு இருந்தது. இந்தியாவில் பல லட்சம் நோயாளிகளுக்கு இருந்தவை சில ஆயிரம் படுக்கைகள் மட்டுமே. மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் போதுமா என்பதை யாரோ ஒருவர் சோதித்துப் பார்த்தாக வேண்டும்.

இதற்காக 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. ஐந்தாண்டுத் திட்டம் என்றே முதலில் எண்ணினர். வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் இயக்குநர். கிருமியியல் பகுதிக்கு லண்டனிலிருந்து வழிகாட்டியவர் டெனிஸ் மிச்சிசன். அம்மையம்தான் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அதே சேத்துப்பட்டில் இயங்குகிறது.

சென்னையின் நெரிசல் மிகுந்த ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதியினர் ஓராண்டு சானடோரியத்தில் இருந்தனர். மறு பாதியினர் தங்கள் வீட்டில் இருந்தபடியே மருந்து உட்கொண்டனர். இரு சாராருக்கும் ஐசோநியாசிடும் பாஸும் சேர்ந்த ஒரே சிகிச்சை. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. உடல் எடையும் அவர்களுக்கே கூடுதலாக ஏறியது. வீட்டில் இருந்தவர்களோ ஒற்றை அறையில் பலரோடு படுத்து, அரைகுறை உணவு உண்டு, சீக்கிரமே வேலைக்கும் திரும்பியவர்கள். ஓராண்டு முடிவில் குணமடைந்தோர் விகிதத்தில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் இருந்த நோயாளிகளின் மனைவி மக்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. மருந்து தொடங்கியதும் நோயாளியின் தொற்றும் தன்மை விரைவில் குறைந்துவிடுவதும், வீட்டார் பெற வேண்டிய தொற்றைப் பெரும்பாலும் அதற்கு முன்பே பெற்றுவிடுவதும் இதற்குக் காரணம் என்று பின்னர் தெளிவாயிற்று. 1959இல் அறிக்கை வெளிவந்தபின் உலகின் பல நாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

சென்னை ஆய்வு என்றால் பொதுவாக இதைத்தான் சொல்வார்கள். மருந்தெதிர்ப்பின் வரலாற்றில் அதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது என்பது என் கருத்து. வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மருந்தை நோயாளி உண்மையில் உட்கொள்கிறாரா? பாஸ் என்பது நாளொன்றுக்குப் பத்து கிராம் அளவில் விழுங்க வேண்டிய, வயிற்றைப் புரட்டும் மருந்து. முதல் இரண்டு மாதங்களில் இருமலும் காய்ச்சலும் நின்றுவிட்டால் ஓராண்டு வரை அதைத் தொடர எத்தனை பேருக்கு மனம் வரும்? மையத்தின் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்து உடலுக்குள் போயிருக்கிறதா என்று பார்த்தனர். நோயாளி மருந்தைத் தானே எடுத்துக்கொள்வதில் உள்ள இடர்ப்பாடு பற்றி ஃபாக்ஸ் 1958இலேயே தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார். படித்தவர், படிக்காதவர், ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடின்றி எல்லோரும் மருந்தை விடுவார்கள் என்பதே அவர் கண்டது. இன்று காலை பத்து மணி மாத்திரையை மறந்துவிட்டு இதைப் படிப்பவர்களும் இருக்கக்கூடும்.

அடுத்தடுத்த ஆய்வுகளில் இரண்டு விடைகள் கிடைத்தன. ஐசோநியாசிடைத் தனியாகக் கொடுத்தால் பலன் குறைவு, மருந்தெதிர்ப்பும் தோன்றும் என்பது ஒன்று. ஒரு நாளுக்குரிய ஐசோநியாசிடை இரு வேளையாகப் பிரிப்பதைவிட ஒரே வேளையில் கொடுப்பது மேல் என்பது மற்றொன்று. இரண்டாவது விடையிலிருந்து ஒரு புது வழி பிறந்தது. ஒரே வேளை போதும் என்றால் நோயாளியை மருந்தகத்துக்கே வரவழைத்துக் கண் முன்னால் விழுங்கச் செய்யலாமே. நாள்தோறும் வர இயலாது. ஆகவே வாரம் இருமுறை, அளவைக் கூட்டி, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியோடு கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் நாள்தோறும் தானே உட்கொண்ட சிகிச்சைக்கு அது எவ்வகையிலும் குறைவானதல்ல என்று 1964இல் வெளியிட்டனர். பிற்காலத்தில் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை, ஆங்கில முதலெழுத்துகளால் டாட்ஸ் என்று உலகம் முழுவதும் பரவிய முறையின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

மருந்தெதிர்ப்பைத் தடுக்க இரண்டு தேவை என்பது இவ்வாறு 1960களின் நடுவிலேயே தெரிந்துவிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் வேண்டும். அவை முழுக் காலமும் வயிற்றுக்குள் போக வேண்டும். முதலாவது மருத்துவர் சீட்டில் எழுதுவதோடு முடிந்துவிடும். இரண்டாவதற்கு ஆட்கள் வேண்டும், பணம் வேண்டும், ஆண்டுக்கணக்கான பொறுமை வேண்டும்.

ரிஃபாம்பிசினும் அலட்சியமும்

1960களின் இறுதியில் ரிஃபாம்பிசின் வந்தது. பிரெஞ்சுக் கடற்கரையின் மண்ணிலிருந்து இத்தாலிய ஆய்வாளர்கள் எடுத்த பொருளின் வழி வந்த மருந்து இது. அப்போது ஓடிக்கொண்டிருந்த ரிஃபிஃபி என்ற திரைப்படத்தின் பெயரை வேடிக்கையாகச் சூட்டப்போய் அதுவே நிலைத்துவிட்டது. இம்மருந்தால் ஒன்றரை ஆண்டுச் சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கியது. பணக்கார நாடுகளில் காசநோய் வேகமாகக் குறைய, அதற்கான நிதியும் அதைவிட வேகமாகக் குறைந்தது.

நியூயார்க் நகரில் நடந்தது இதற்குச் சான்று. அமெரிக்க மத்திய அரசு காசநோய்க்கெனத் தனியாக ஒதுக்கிவந்த நிதியை 1972இல் நிறுத்தியது. நகரின் காசநோய் மருத்துவமனைகள் சுருங்கின. 1978இல் அங்கு 1,307 நோயாளிகள். பிறகு வீடற்றவர்கள் பெருகினர், எச்.ஐ.வி. பரவியது. 1992இல் எண்ணிக்கை 3,811 ஆயிற்று. ஹார்லெம் மருத்துவமனை ஒன்றிலிருந்து மருந்தோடு அனுப்பப்பட்டவர்களில் 89 விழுக்காட்டினர் சிகிச்சையை முடிக்கவில்லை என்று ஓர் ஆய்வு காட்டியது. 1991இல் நகரின் நோயாளிகளில் 19 விழுக்காட்டினரின் கிருமி ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் மசியவில்லை. இந்த இரண்டுக்கும் கட்டுப்படாத நிலையே பன்மருந்தெதிர்ப்புக் காசநோய் எனப்படுகிறது. நகரம் பெரும் பணம் செலவிட்டு, பணியாளர்களைத் தெருத் தெருவாக அனுப்பி, நோயாளி கண் முன்னால் மாத்திரையை விழுங்கச் செய்து நிலைமையை மீட்டது. சேத்துப்பட்டில் ஏழைகளுக்காக வகுத்த வழி உலகின் செல்வ நகரத்துக்குத் தேவைப்பட்டது! நியூயார்க்கில் அப்பணியை நடத்திய தாமஸ் ஃப்ரீடன் 1996இல் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் இந்தியாவுக்கு வந்து இங்குள்ள திட்டத்தில் பணியாற்றினார்.

இந்தியாவுக்கு அந்த வழியை வெளியிலிருந்து வந்து சொல்ல வேண்டியிருந்தது என்பது வருத்தத்துக்குரியது. 1962இல் தொடங்கிய தேசியத் திட்டம் மருந்தைக் கொடுத்தனுப்புவதோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. 1992இல் நடந்த மறுஆய்வு நிதிப் பற்றாக்குறை, எக்ஸ்ரேயை மிகுதியாக நம்பிய நோயறிதல், சிகிச்சையை முடிப்போர் குறைவு என்று பல குறைகளைச் சுட்டியது. அதன்பின் உருவான திருத்திய திட்டம் 2006இல்தான் நாடு முழுவதையும் எட்டியது.

தனியார் மருத்துவத்தின் நிலை இன்னும் சிக்கலானது. மும்பையில் நூறு மருத்துவர்கள் எண்பது வகையான மருந்துச் சீட்டுகளை எழுதியதாக 1991இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தமிழர்கள் மிகுதியாக வாழும் தாராவியில் 2010இல் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது 106 மருத்துவர்கள் 63 வகையாக எழுதினர். சரியாக எழுதியவர்கள் 6 பேர். 2011 இறுதியில் மும்பை இந்துஜா மருத்துவமனையின் சரீர் உத்வாடியாவும் அவருடைய குழுவினரும், சோதித்த எந்த மருந்துக்கும் கட்டுப்படாத காசநோய் நான்கு பேரிடம் இருப்பதாக அறிவித்தனர். அந்தப் பெயர் சரியா என்று அரசு தரப்பு வாதிட்டது. அறிக்கையின் முக்கியப் பகுதி பெயரில் இல்லை. நால்வரில் மூவர் பதினெட்டு மாதங்களில் சராசரியாக நான்கு மருத்துவர்களிடம் போயிருந்தனர். ஒவ்வொருவரும் பழைய மருந்தோடு புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தனர். மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் பார்க்கலாம். பழைய மருந்துகள் பலிக்காத நிலையில் ஒரு புது மருந்தை மட்டும் சேர்ப்பது அம்மருந்தைத் தனியாகக் கொடுப்பதற்குச் சமம். 1948இல் லண்டனில் நடந்தது ஒவ்வொரு மருந்துக்கும் ஒருமுறை அவர்கள் உடலில் நடந்தது.

இப்படி ஒருவர் உடலில் உருவான கிருமி அவரோடு நிற்பதில்லை. இருமலில் வெளிவந்து மற்றவருக்குத் தொற்றும். தென்னாப்பிரிக்காவின் துகேலா ஃபெர்ரியில் 2006இல் அறிவிக்கப்பட்ட நிகழ்வில், பல்வேறு மருந்துகளுக்கும் மசியாத காசநோய் கண்ட 53 பேரில் 52 பேர் இறந்தனர். சளி மாதிரி எடுத்த நாளிலிருந்து அவர்களில் பாதிப் பேர் பதினாறு நாள்கூட உயிரோடு இல்லை. அவர்களில் பலர் அதற்கு முன் காசநோய் மாத்திரை ஒன்றையும் விழுங்காதவர்கள். இந்தியாவில் 2014 முதல் 2016 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் முன்பு சிகிச்சை பெற்றவர்களில் 11.60 விழுக்காட்டினருக்குப் பன்மருந்தெதிர்ப்பு இருந்தது. முதன்முறை சிகிச்சைக்கு வந்தவர்களிலும் 2.84 விழுக்காட்டினருக்கு இருந்தது. எனவே நோயாளி ஒழுங்காக மருந்து எடுக்கவில்லை என்று பழி சொல்லி முடித்துவிட முடியாது.

சென்னையின் பழைய முடிவு ஒன்றும் திருத்தத்துக்கு உள்ளாயிற்று. கண்காணிக்க எளிது என்று வாரத்தில் சில நாள் மட்டும் மருந்து கொடுக்கும் முறை இந்தியத் திட்டத்தில் வாரம் மும்முறை என்று நிலைபெற்றிருந்தது. 2017இல் அது நாள்தோறும் என்று மாற்றப்பட்டது. எச்.ஐ.வி. உள்ள நோயாளிகளுக்கு நாள்தோறும் கொடுப்பதே மேல் என்றும், இடைவெளி விட்டுக் கொடுத்தால் ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு தோன்றும் ஆபத்து கூடுதல் என்றும் சேத்துப்பட்டு நிறுவனத்தின் ஆய்வே 2018இல் காட்டியது.

புதிய மருந்து

பன்மருந்தெதிர்ப்புக் காசநோய்க்கு அண்மைக்காலம் வரை இருந்த சிகிச்சை கொடுமையானது. இரண்டு ஆண்டுகள் வரை மருந்து, அதில் பல மாதங்கள் தினமும் ஊசி. ஸ்ட்ரெப்டோமைசினுக்கு உறவான அந்த ஊசி மருந்துகள் காதைப் பாதிப்பவை. நோய் நீங்கிச் செவித்திறன் இழந்தவர்கள் பலர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலான இடைவெளிக்குப் பிறகு பெடாகுயிலின் என்ற புது வகை மருந்து 2012 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இந்தியாவில் 2016இல் சில மருத்துவமனைகளில் மட்டும், நிபந்தனைகளோடு கொடுக்கத் தொடங்கினர். கண்மூடித்தனமாகப் பயன்படுத்தினால் இதுவும் பயனற்றுப் போகும் என்ற அச்சம் ஒரு பக்கம். மருந்து இருந்தும் கிடைக்காமல் இறப்போர் மறுபக்கம். இரண்டும் நியாயமானவையே.

மருந்தின் காப்புரிமையை வேறொரு வடிவத்துக்கு நீட்டிக்கக் கோரிய விண்ணப்பத்தை இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் நிராகரித்தது. எதிர்த்து மனுச் செய்தவர்களில் இரு பெண்கள் இருந்தனர்: ஒருவர் இந்தியர், மற்றவர் தென்னாப்பிரிக்கர். இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள், சிகிச்சையில் செவித்திறன் இழந்தவர்கள். முதன்மைக் காப்புரிமை அவ்வாண்டு ஜூலையில் முடிந்தபின் மலிவான மாத்திரைகளுக்கு வழி பிறந்தது. பெடாகுயிலினோடு மூன்று மருந்துகள் சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. ஊசி இல்லை, மாத்திரை மட்டுமே.

பெடாகுயிலினுக்கு மசியாத கிருமிகளும் இதற்குள் பல நாடுகளில் காணப்பட்டுள்ளன. ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு உள்ளதா என்பதை 2010 முதல் பரவிய மரபணுச் சோதனைக் கருவி இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. பெடாகுயிலினுக்கு அத்தகைய எளிய கருவி இன்னும் பெரும்பாலான இடங்களில் இல்லை. கிருமியை வளர்த்து, அதன்மேல் மருந்தை இட்டு, 1950களில் சேத்துப்பட்டில் காத்திருந்ததுபோல் வாரக்கணக்கில் காத்திருந்துதான் அறிய வேண்டியிருக்கிறது. விடை வரும்வரை நோயாளி அந்த மருந்தையே விழுங்கிக்கொண்டிருக்கிறார்.